மாட்டு டாக்டருக்கு முன் கேட்டு

ஜூன் 12, வியாழன்

மருந்துக் கம்பெனிக்காரர் பொங்கலுக்குக் கொடுத்த டைரி இது. இத்தனை நாளும் மருந்தகத்தில் தடுப்பூசிப் பெட்டி ஆடாமல் இருக்க அடியில் முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தது. இன்று உருவி எடுத்துத் துடைத்துவிட்டு எழுதுகிறேன். எழுதும்படி ஒரு விஷயம் கிடைத்திருக்கிறது. என்னைப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

கூப்பிட்டது என் மகள் மிதுலா பதினொன்றாவது படிக்கும் பள்ளி. முதல்வர் பெனிட்டா மேடமே போன் செய்தார். அங்கே வருடா வருடம் ‘வெள்ளை அங்கி நாள்’ என்று ஒன்று நடத்துகிறார்கள். பதினொன்றாம் வகுப்பில் உயிரியல் எடுத்த பிள்ளைகள் மேடையேறுவார்கள். சிறப்பு விருந்தினராக வரும் டாக்டர் அவர்களுக்கு வெள்ளை அங்கி மாட்டிவிட்டு, தன் துறையைப் பற்றிப் பேசுவார். கடைசியில் எல்லோரும் கையை நீட்டி ‘நான் மருத்துவர் ஆவேன்’ என்று உறுதிமொழி எடுப்பார்கள். இந்த வருடம் அந்த விருந்தினர் நான். ஜூலை 4, வெள்ளிக்கிழமை.

நான் கால்நடை மருத்துவர். தாராபுரத்தை ஒட்டிய ஒரு கிராமத்து மருந்தகத்தில் மாடு, ஆடு, கோழி, நாய் என்று வந்ததையெல்லாம் பார்க்கிறேன். இத்தனை வருடத்தில் எங்கள் படிப்பைப் பற்றிப் பேச ஒரு பள்ளியும் கூப்பிட்டதில்லை. கல்யாண வீட்டில் ‘டாக்டர்’ என்று அறிமுகப்படுத்தியதும் வலிக்கிற முழங்காலை என் பக்கம் நீட்டுவார்கள். ‘மாட்டு டாக்டருங்க’ என்று நான் சொன்னதும் நீட்டிய காலை மடக்கிக்கொள்வார்கள். மடக்கட்டும். அதற்காக நான் சொல்வதை நிறுத்தியதில்லை, நிறுத்தவும் போவதில்லை.

ராத்திரிச் சாப்பாட்டில் விஷயத்தைச் சொன்னேன். அவர் (என் கணவர், கூட்டுறவு வங்கியில் காசாளர், வார்த்தையையும் எண்ணித்தான் எடுத்து வைப்பார்) மிதுலாவைப் பார்த்தார். மிதுலா தோசையைப் பார்த்தாள்.

“நீ போகப் போறியா ம்மா?”

“ஏன், போகக் கூடாதா?”

“நான் ஒண்ணும் சொல்லல.”

பாதித் தோசையை வைத்துவிட்டு எழுந்துபோனாள். மாதத் தேர்வு நெருங்குகிறது. இந்தப் பள்ளியில் படிப்பு கொஞ்சம் கடுமைதான்.

ஜூன் 15, ஞாயிறு

என்னென்ன கொண்டுபோகலாம் என்று யோசித்து ஒரு கட்டைப்பையில் சேர்க்க ஆரம்பித்திருக்கிறேன். தோள்வரை வரும் நீளக் கையுறை. கன்று போட முடியாமல் தவிக்கும் மாட்டுக்குக் கன்றின் காலில் கட்டி இழுக்கும் கயிறு. ஒரு எருமையின் வயிற்றிலிருந்து எடுத்த ஆணி, கொக்கி, சீப்புத் துண்டு. பிள்ளைகளுக்கு வாயால் சொன்னால் தூக்கம் வரும், கையில் கொடுத்தால் கண் திறக்கும்.

மருந்தகத்தில் எனக்கு உதவியாளர் மாரப்பன். பையைப் பார்த்துவிட்டு, “பள்ளிக்கூடத்துக்குங்களா, பழைய இரும்புக் கடைக்குங்களா டாக்டரம்மா?” என்றார். அவர் வேலை மாட்டைப் பிடிப்பதும் என்னைச் சீண்டுவதும். இரண்டையும் ஒழுங்காகச் செய்வார்.

மிதுலாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். மூக்கைச் சுளித்தாள். “இதையெல்லாம் அங்க எடுத்துட்டு வராத ம்மா, ப்ளீஸ்” என்றாள். சுத்தம் பார்க்கிற பிள்ளை. கையுறை புதிதுதான் என்று சொன்னேன்.

ஜூன் 19, வியாழன்

காற்று ஆளைத் தள்ளுகிறது. ஆனியிலேயே இப்படி என்றால் ஆடியில் என்ன செய்யுமோ. இன்று செம்மறிக் கூட்டத்துக்குக் குடற்புழு மருந்து. பிறகு காலொடிந்த ஒரு நாய்க்குட்டிக்குக் கட்டு.

தினமும் காலையில் மிதுலாவை என் ஸ்கூட்டியில்தான் கொண்டுபோய் விடுகிறேன். வண்டிக்குப் பின்னால் மருந்துப் பெட்டி, அதில் ‘கால்நடை மருத்துவர்’ என்று பெரிதாக எழுதியிருக்கும். அந்த எழுத்தின்மேல் தன் புத்தகப் பையைத் தொங்கப்போட்டுக்கொள்வாள். பள்ளிக்குக் கொஞ்சம் முன்பே இருக்கும் பெட்ரோல் பங்க்கில் தோளைத் தட்டி இறங்கிவிடுவாள். வாசலில் டிராஃபிக்காம், வண்டி திருப்ப எனக்குச் சிரமமாம். பெற்றோர் கூட்டத்துக்கும் அவரைத்தான் அழைத்துப்போவாள், எனக்கு வேலை அதிகம் என்று. நான் பள்ளி வாசலைப் பார்த்து ஒரு வருடத்துக்குமேல் ஆகிறது. அம்மாவின் சிரமத்தை இப்படி யோசிக்கிற பிள்ளை எத்தனை வீட்டில் இருக்கும்?

ஜூன் 27, வெள்ளி

ஃப்ளெக்ஸ் கடையிலிருந்து மாதிரிப் படம் வாட்ஸ்அப்பில் வந்தது. என் முகம், அதற்குக் கீழே யாருடைய உடம்போ. அந்த உடம்புக்கு வெள்ளை அங்கி, கழுத்தில் ஸ்டெதஸ்கோப், பின்னால் தேங்காய் அளவுக்கு ஒரு சிவப்பு இதயம். ‘டாக்டர் மங்கையர்க்கரசி’ என்று மட்டும் இருந்தது. இவர்களுக்கு டாக்டர் என்றால் எல்லோருக்கும் ஒரே உடம்புதான் போலிருக்கிறது.

பெயருக்குக் கீழே ‘கால்நடை மருத்துவர்’ என்று சேர்க்கச் சொல்லிப் பதில் அடிக்க உட்கார்ந்தேன். தமிழில் அடிப்பது எனக்கு மாட்டுவண்டி வேகம். மிதுலா வந்து, “குடு ம்மா, நான் அனுப்பறேன்” என்று போனை வாங்கிக்கொண்டாள். சீக்கிரமே அடித்து அனுப்பிவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். கடைக்காரரிடமிருந்து கட்டைவிரல் வந்திருந்தது. அனுப்பிய செய்தி என் போனில் அழிந்திருந்தது, எப்படியென்று தெரியவில்லை. இந்தப் போனே சரியில்லை.

ஜூலை 1, செவ்வாய்

மிதுலா இன்று வந்து பக்கத்தில் படுத்தாள். ரொம்ப நாளாயிற்று. “லீவு கெடைக்கலைன்னு சொல்லிடு ம்மா. ஆபீஸர் விடலைன்னு சொல்லு” என்றாள். நான் ரொம்பக் களைத்துப்போயிருக்கிறேனாம்.

“ஒண்ணும் களைப்பில்ல” என்றேன். “உன்னோட படிக்கற புள்ளைங்கள்ல ஒருத்தி எங்க படிப்புக்கு வந்தாப் போதும் சாமி. நான் அதுக்குத்தான் வர்றேன்.”

சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவர் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு சமையலறைக்கு வந்து, “பாத்துப் பேசு மங்கை” என்றார். என்னத்தைப் பார்க்க என்று கேட்டேன். டம்ளரைக் கழுவ ஆரம்பித்தார்.

ஜூலை 3, வியாழன்

அங்கி அளவு கேட்டார்கள். எனக்கும் ஒன்று தைக்கிறார்களாம்.

ஜூலை 4, வெள்ளி

வரிசையாக எழுத வேண்டும், இல்லையென்றால் நானே பிறகு நம்பமாட்டேன்.

நல்ல சேலை கட்டிக்கொண்டு கட்டைப்பையோடு கிளம்பும்போதே போன். பள்ளியின் பண்ணையாள். அந்தப் பள்ளியில் வெள்ளிக்கிழமைதோறும் கோமாதா பூஜை உண்டு. தாளாளர் சென்னியப்பனின் காங்கேயம் பசுவைப் பொட்டு வைத்து மாலை போட்டு மைதானத்தில் நிறுத்துவார்கள். இன்று விசேஷ நாள் என்பதால் பிள்ளைகள் ஆளுக்கொரு பழம் தங்கள் கையால் ஊட்டி ஆசி வாங்கியிருக்கிறார்கள். ஊட்டினால் மார்க் வரும் என்பது அங்கே நம்பிக்கை. வாழைப்பழம் வரைக்கும் மாடு சமாளித்திருக்கிறது. அப்புறம் வாயில் எச்சில் ஒழுகுது, கழுத்தை நீட்டுது, வயிறு ஏறுது என்று பண்ணையாள் அழாத குறை. முழுப் பழம் ஏதோ தொண்டையில் சிக்கியிருக்கிறது என்பது போனிலேயே தெரிந்தது. மாடு ஏப்பம் விட முடியாவிட்டால் வயிற்றில் காற்று சேர்ந்து நெஞ்சை அமுக்கும். அப்புறம் பூஜைக்குப் பதில் குழிதான்.

மாரப்பனைப் பின்னால் ஏற்றிக்கொண்டு பறந்தேன். பள்ளியின் முன் கேட்டில் வாழைமரம், தோரணம், ஆளுயர ஃப்ளெக்ஸ். அதில் என் முகம். கீழே, ‘பிரபல இதய நோய் நிபுணர் டாக்டர் மங்கையர்க்கரசி அவர்களே, வருக வருக!’

நான் அதைப் படித்து முடிப்பதற்குள் வாட்ச்மேன் பெட்டியைப் படித்துவிட்டார்.

“மாட்டு டாக்டருங்களா? பின் கேட்டுல போங்க. முன்னால இன்னிக்குப் பெரிய டாக்டர் வர்றாங்க.”

மாட்டுக்கு மூச்சு முட்டிக்கொண்டிருந்தது. வாட்ச்மேனிடம் தகராறு செய்ய நேரமில்லை. பின் கேட்டு வழியாகப் போனேன்.

சமையற்கூடத்துக்குப் பின்னால் மாடு நின்றது. இடது வயிறு தவில் மாதிரி விம்மியிருந்தது. நெற்றியில் குங்குமம், வாயில் நுரை. சேலையைத் தூக்கிச் செருகி, பெட்டியிலிருந்த கம்பூட்ஸைப் போட்டுக்கொண்டேன். வாயைத் திறந்து பிடிக்கும் இரும்புக் கருவியை மாட்டி மாரப்பனிடம் கொடுத்தேன். கழுத்தைத் தடவியபோது கைக்கு உருண்டையாகத் தட்டுப்பட்டது. வெளியிலிருந்து அதை மேல்நோக்கித் தள்ள இன்னொரு ஆள் வேண்டும். பண்ணையாள் கிட்டேயே வரவில்லை.

சுவரோரம் கண்ணாடி போட்ட உயரமான ஒரு பெண் சீருடையில் அழுதுகொண்டிருந்தாள். “சாத்துக்குடி குடுத்தது நான்தான் மேடம். உரிக்காம குடுத்துட்டேன்.”

“அழுகையை அப்புறம் வெச்சுக்கலாம். இங்க வா, இதைப் பிடி. ரெண்டு கையாலயும் மேல தள்ளு. அவசரப்படாத, விடவும் விடாத.”

வந்தாள். வைத்த கை வைத்த இடத்திலிருந்து நகரவில்லை. பெயர் யாழ்மொழி என்றாள். பிறகு என் முகத்தை உற்றுப் பார்த்து, “நீங்க மிதுலாவோட அம்மாதானே? ஹார்ட் டாக்டர்னு சொன்னாளே?” என்றாள்.

“ஹார்ட் எங்கயும் போகாது. நீ தள்ளு.”

அந்த நேரம் பார்த்து பெனிட்டா மேடம் என்னைத் தேடிக்கொண்டு, மடிப்புக் கலையாத வெள்ளை அங்கியோடு வந்து சேர்ந்தார். பின்னாலேயே தாளாளர். மாட்டின் நாக்கு என் கையில் வழுக்கிக்கொண்டே இருந்தது. துணி இல்லாமல் அதைப் பிடிக்க முடியாது. மேடத்தின் கையிலிருந்து அங்கியை வாங்கினேன். எனக்காகத் தைத்ததுதானே. நாக்கில் சுற்றி இழுத்துப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையைத் தொண்டைக்குள் விட்டேன். யாழ்மொழி தள்ள, விரல் நுனிக்குப் பழம் வந்தது, நழுவியது, மறுபடி வந்தது. முழுசாக வெளியே எடுத்தேன். மாடு ஒரு ஏப்பம் விட்டது. சமையற்காரர்கள்கூட இரண்டடி பின்னால் போனார்கள். யாழ்மொழி அழுகையும் சிரிப்புமாக என் தோளில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

குழாயடியில் கை கழுவும்போது பெனிட்டா மேடம் மெதுவாக, “டாக்டர், மிதுலா ஆறாம் வகுப்புலேர்ந்தே எல்லார்கிட்டயும்...” என்று ஏதோ சொல்ல ஆரம்பித்தார். தண்ணீரைப் பெரிதாகத் திறந்துவிட்டேன். குழாய்ச் சத்தத்தில் மீதி எனக்குக் கேட்கவில்லை. இங்கே எழுதவும் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

தாளாளர் கேட்டதை மட்டும் எழுதிவிடுகிறேன். “இப்பப் போயி எதையும் மாத்த முடியாதுங்க. பேரண்ட்ஸ் எல்லாம் வந்து உக்காந்திருக்காங்க. நீங்க பொதுவா மருத்துவம்னு பேசிடுங்க. மாடுங்கற வார்த்தை மட்டும் வேண்டாம்.”

“இப்பத்தானுங்க நீங்க மாட்டைச் சுத்தி வந்து கும்பிட்டீங்க.”

“அது கோமாதாங்க.”

“அப்ப நான் கோமாதா டாக்டருங்க” என்றேன். எச்சிலும் வாழைப்பழமும் அப்பிய அந்த அங்கியைப் பிழிந்து போட்டுக்கொண்டு, கம்பூட்ஸோடு, அரங்கத்தின் முன்வாசல் வழியாக நடந்தேன். பேண்டு வாத்தியக்காரர்கள் பாதியில் நிறுத்திவிட்டார்கள்.

மேடையில் ஏறி மைக்கைப் பிடித்தபோது மூன்றாவது வரிசையில் மிதுலா இருந்தாள். என்னை ஒரு தடவை பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். ஊசி போடப் போகிறேன் என்று தெரிந்த கன்று அப்படித்தான் பார்க்கும். பிறகு தலை குனிந்தவள் நிமிரவே இல்லை. இதய டாக்டராகவே இருந்து, பொதுவாக நாலு வார்த்தை பேசிவிட்டு இறங்கியிருக்கலாம். யாருக்கும் ஒன்றும் ஆகியிருக்காது. அந்தப் பிள்ளை நிமிர்ந்து உட்கார்ந்திருப்பாள். ஒரு நிமிஷம் அப்படியே செய்துவிடலாமா என்று நினைத்தேன், உள்ளதைச் சொல்கிறேன். ஆனால் அப்போதுதான் கடைசி வரிசையில் யாழ்மொழி வந்து உட்கார்ந்தாள், இரண்டு கையிலும் மாட்டு எச்சிலோடு. அவள் முன்னால் நான் எப்படி இதய டாக்டர் ஆவது?

“வாசல்ல இருக்கற ஃப்ளெக்ஸ் தப்பு” என்றேன். “ஃப்ளெக்ஸ் கடைக்காரர் வேற யாருக்கோ அடிச்சதை எனக்குப் போட்டுட்டார். தப்பு முழுக்க அவரோடது. நான் மாட்டு டாக்டர்.”

சிரிப்பு எழுந்தது. எழட்டும் என்று நின்றேன். அடங்கியதும் சொன்னேன்: “படிக்கலைன்னா மாடு மேய்க்கத்தான் போவேன்னு உங்களை எல்லாரும் திட்டியிருப்பாங்க. நான் நல்லாப் படிச்சேன். அதனாலதான் மாட்டுகிட்டப் போனேன்.”

அதற்குப்பின் என் வாயை யாராலும் மூட முடியவில்லை. எங்கே வலிக்கிறது என்று சொல்லத் தெரியாத நோயாளியிடம் நோயைக் கண்டுபிடிப்பதைப் பற்றிச் சொன்னேன். காட்டு யானைக்கு மயக்க ஊசி போடுகிறவர்கள், ராணுவத்தில் குதிரையையும் நாயையும் பார்க்கிறவர்கள், நாமக்கல் கோழிப்பண்ணைகளில் நோய் நுழையாமல் காவல் நிற்கிறவர்கள், தடுப்பூசி தயாரிக்கிறவர்கள், வெறிநாய்க்கடி ஆஸ்பத்திரிக்கு வருவதற்கு முன்னால் தெருவிலேயே அதை நிறுத்துகிறவர்கள் எல்லோரும் என் படிப்பு படித்தவர்கள்தான் என்றேன். ஐந்தரை வருடப் படிப்பு என்றும், நம் மாநில இடங்களுக்கு பிளஸ் டூ மார்க்தான் கணக்கு என்றும் சொன்னபோது பெற்றோர் பக்கம் நாற்காலிகள் முன்னால் நகர்ந்தன. ஆணியும் கொக்கியும் கை மாறிக் கை மாறிப் போயின. நீளக் கையுறையை ஒரு பையன் தலை வரைக்கும் இழுத்து மாட்டிக்கொண்டான்.

இன்னொரு பையன், பெண்களால் மாட்டைச் சமாளிக்க முடியுமா என்று கேட்டான். கடைசி வரிசையைக் காட்டி, அந்த அக்காவிடம் கேள் என்றேன். ஒரு அப்பா எழுந்து, “படிக்க வெச்சிரலாமுங்க, சம்பந்தம் பேச வர்றவங்ககிட்ட என்னன்னு சொல்றது?” என்றார். “உள்ளதைச் சொல்லுங்க. எழுந்து போறவங்க போகட்டும். மிச்சம் இருக்கறவங்க நல்லவங்க” என்றேன். என் வீட்டுக்காரர் அப்படி மிச்சம் இருந்தவர்தான்.

அங்கி மாட்டிவிடும்போது மிதுலாவும் வரிசையில் வந்தாள். கை நீட்டினாள், மாட்டிவிட்டேன். கையெல்லாம் ஜில்லென்று இருந்தது.

உறுதிமொழியை நான்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும். “நான் மருத்துவர் ஆவேன்” என்றேன். அரங்கமே திருப்பிச் சொன்னது. “எந்த உயிருக்கு என்பதை” என்றேன். தாளில் இல்லாத வரி என்று புரிவதற்குள் பழக்கத்தில் திருப்பிச் சொல்லிவிட்டார்கள். “நானே முடிவு செய்வேன்.” அதையும் சொன்னார்கள், முன்னதைவிடச் சத்தமாக. தாளாளர் எழுந்து கைதட்டுவதா வேண்டாமா என்று தெரியாமல் வேட்டியைச் சரி செய்தார்.

அடுத்த சனிக்கிழமை மருந்தகத்துக்கு வாருங்கள், எங்கள் வேலையை நேரில் காட்டுகிறேன் என்று கூப்பிட்டுவிட்டு இறங்கினேன். திரும்பும்போதும் முன்வாசல் வழியாகத்தான் வந்தேன்.

ஜூலை 5, சனி

மிதுலா சாப்பாட்டை அறைக்கு எடுத்துப்போய்விட்டாள்.

ஜூலை 8, செவ்வாய்

வகுப்பில் அவள் உள்ளே நுழைந்தால் ‘ம்மா’ என்று கத்துகிறார்களாம். அவரிடம் சொல்லியிருக்கிறாள், அவர் என்னிடம் சொன்னார். மேஜையில் வைக்கோல் போட்டு வைத்திருந்தார்களாம்.

நான் செய்தது சரி. நூறு தடவை கேட்டாலும் சரி என்றுதான் சொல்வேன். ஆனால் சரி என்கிற தைரியத்தில் சோறு இறங்கவில்லை. அந்த வைக்கோலை வைத்த கையை எனக்குப் பார்க்க வேண்டும். பார்த்தால் என்ன செய்வேன் என்று எழுதமாட்டேன், நான் அரசு ஊழியர்.

இன்றும் பெட்ரோல் பங்க்கில்தான் இறங்கினாள். பை பெட்டியின்மேல்தான் தொங்கியது.

ஜூலை 10, வியாழன்

பள்ளியிலிருந்து எல்லாப் பெற்றோருக்கும் செய்தி. சனிக்கிழமை சிறப்பு வகுப்பு உண்டு, மாணவர்கள் வெளி நிகழ்ச்சிகள் எதற்கும் போகக் கூடாது. போனால் நடவடிக்கையாம். பூஜை மட்டும் வழக்கம்போல் நடக்கும் என்றும் அதே செய்தியில் போட்டிருந்தது.

நான் மாரப்பனிடம் சனிக்கிழமைக்கு நான்கு கறவை மாட்டுக்காரர்களை வரச் சொல்லச் சொன்னேன். “புள்ளைங்க வராட்டி?” என்றார். “மாடு வரும்ல” என்றேன்.

ஜூலை 12, சனி

காலை முழுக்க ஒருவரும் வரவில்லை. மாரப்பன் தரையை மறுபடி மறுபடி கழுவினார். அவர் சீண்டாமல் இருந்ததுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

மதியம் சைக்கிள் மணி. யாழ்மொழி. சிறப்பு வகுப்புக்கு மட்டம் போட்டுவிட்டு, தன் அம்மாவைக் கேரியரில் உட்காரவைத்து மிதித்துக்கொண்டு வந்திருக்கிறாள். அவளுக்குப் பின்னால் அன்று கையுறையைத் தலை வரைக்கும் மாட்டிய பையன், இன்னும் மூன்று பேர். நடவடிக்கை எடுப்பார்களே என்றேன். “எடுக்கட்டும் மேடம். நானே முடிவு செய்வேன்னு அவங்க ஹால்லதானே சொல்லிக்குடுத்தீங்க” என்றாள்.

கன்றின் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்கக் கொடுத்தேன். சினை பார்ப்பது எப்படி என்று காட்டினேன். அந்தப் பையன் சாணத்தில் வழுக்கி விழுந்து, எழுந்து, மறுபடி வரிசையில் நின்றான். யாழ்மொழியின் அம்மா ஓரமாக நின்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, இந்த வேலைக்கு ராத்திரியில் கூப்பிட்டாலும் போக வேண்டுமா என்று கேட்டார். போக வேண்டும் என்றேன். பொய் சொல்லி ஆள் சேர்க்கும் எண்ணம் எனக்கில்லை. அவர் மகளைப் பார்த்தார், மகள் கன்றை விடவில்லை.

சந்தோஷமான நாள்தான். ஒவ்வொரு முறை கேட்டுப் பக்கம் சத்தம் வந்தபோதும் திரும்பிப் பார்த்தேன், அவ்வளவுதான்.

ஜூலை 13, ஞாயிறு

வெள்ளை அங்கியை மூன்றாவது தடவையாகத் துவைத்துக்கொண்டிருந்தேன். வாழைப்பழக் கறை போவேனா என்கிறது. மிதுலா வந்து துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் நின்றாள். ஒன்பது நாளுக்குப் பிறகு அவளாக வந்து நின்றாள்.

“யாழ்மொழி உங்கிட்ட வந்தாளாமே.”

“வந்தா.”

“அவளை திங்கக்கெழமை ஆபீஸ்ரூமுக்குக் கூப்புட்டிருக்காங்க. பயமே இல்ல அவளுக்கு.”

நான் கறையைத் தேய்த்தேன். அவள் போகவில்லை.

“நீ ஏன் ம்மா ஃப்ளெக்ஸ்காரர் தப்புன்னு சொன்ன?”

“அவர் தப்புதான்.”

“ம்மா.”

“அவர் தப்புதான் மிதுலா.”

“உனக்குத் தெரியும்ல?”

“எனக்கு என்ன தெரியும்? நான் மாட்டு டாக்டர். ஃப்ளெக்ஸைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது.”

அழுவாள் என்று நினைத்தேன். என் கையிலிருந்து அங்கியைப் பிடுங்கி, சோப்பைப் போட்டுத் தேய் தேய் என்று தேய்த்தாள். கறை போகவில்லை. போகாததைப் பிழிந்து கொடியில் போட்டாள். உள்ளே போகும்போது, “அந்தச் சாத்துக்குடி முழுசாவா இருந்துச்சு?” என்று கேட்டாள். முழுசாகத்தான் என்றேன்.

ஜூலை 14, திங்கள்

காலையில் வழக்கம்போல் கிளம்பினோம். மிதுலா புத்தகப் பையை முதுகில் மாட்டியிருந்தாள். பெட்டியின்மேல் எதுவும் இல்லை. காற்றில் பை பறந்துவிடும் என்று முதுகில் போட்டிருப்பாள்.

பெட்ரோல் பங்க் வந்தது. வேகத்தைக் குறைத்தேன். தோளில் தட்டு விழவில்லை. இன்னும் குறைத்தேன்.

“போ ம்மா” என்றாள்.

முன் கேட்டில் அதே வாட்ச்மேன். பெட்டியைப் பார்த்ததும் கையை நீட்டி மறித்தார். “மாட்டு டாக்டருங்களா? பின் கேட்டுல...”

மிதுலா வண்டியிலிருந்து இறங்கினாள். பிள்ளைகள் கூட்டமாக உள்ளே போய்க்கொண்டிருந்த நேரம். கூட்டத்திலிருந்து எவனோ ‘ம்மா’ என்று கத்தினான். அவள் திரும்பி அந்தப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, வாட்ச்மேனிடம் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்:

“ஆமாண்ணா, மாட்டு டாக்டர்தான். எங்கம்மா. யாழ்மொழியை ஆபீஸ்ரூமுக்குக் கூப்புட்டிருக்காங்கல்ல, அவளுக்காகப் பேச வந்திருக்காங்க. முன் கேட்டைத் தொறங்க.”

நான் பேச வருகிறேன் என்று எனக்கே அப்போதுதான் தெரியும். வாட்ச்மேன் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கேட்டைத் திறந்தார்.

வண்டியை உள்ளே விட்டேன். டிராஃபிக் ஒன்றும் இல்லை. திருப்புவதற்கு இடம் தாராளமாக இருந்தது.